ஜெனரேட்டரை எங்கே வைப்பீர்கள்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசலாம். மழைக்காலம் நெருங்குகிறது, வீட்டுக்குச் சின்னதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். எத்தனை கேவிஏ என்பதை அப்புறம் பார்ப்போம், அதை எங்கே வைக்கப்போகிறீர்கள்?

நனைந்துவிடும், திருடு போய்விடும் என்று பலர் போர்டிகோவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாமலே உயிர் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்பது தப்புக் கணக்கு. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்த்து, புகைக்குழாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வையுங்கள். மழைக்கு மேலே ஒரு கூரை போதும், சுற்றி அடைக்காதீர்கள். யாருக்காவது தலை சுற்றினால் உடனே திறந்த வெளிக்குக் கூட்டிப்போய் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, பலர் யோசிக்காத விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டரை வைத்துத்தான் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் சொருகினால் வீட்டில் விளக்கு எரியும்தான். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்கும் போகும். 11,000 வோல்ட்டை இறக்கித்தரும் டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கம் கரண்ட் வந்தால் ஏற்றியும் விடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைப்பவருக்கு 230 வோல்ட்டே எமன். சாக்கெட்டிலிருந்து அந்தப் பிளக் கழன்றால், அதன் பித்தளை முனையைத் தொடும் உங்கள் பிள்ளைக்கும் அதே கதிதான்.

இதற்குத்தான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். மின்வாரியம் அல்லது ஜெனரேட்டர், ஒரு நேரத்தில் ஒன்றுதான். நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கிற வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அதைக் கணக்கில் வைத்துத்தான் கேவிஏ. பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறவிட்டு ஊற்றுங்கள்.

ஜெனரேட்டர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தச் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். புயல் அடித்த பிறகு ஆள் கிடைக்கமாட்டார்.