டிராக்டரின் எண்ணெய்ப் பிசுக்கும் அதை நீக்கும் முறையும்

உழவுத் தொழிலில் இயந்திரங்களின் பங்கு பெருகிவிட்டது. டிராக்டரோ, பவர் டில்லரோ, டீசல் எஞ்சின் பம்புசெட்டோ இல்லாத கிராமம் இன்று அரிது. சொந்தமாக வாங்க இயலாதோர் வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்து வாடகைக்குப் பெற்று உழவு செய்கின்றனர். காளைகளை நாள்தோறும் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் நம் உழவர்கள் குறை வைத்ததில்லை. ஆனால் இயந்திரத்தைக் கழுவும் பணியில் அதே கவனம் செலுத்தப்படுவதில்லை. கழுவுவோரும் கையில் கிடைத்த டீசலையோ, கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு திரவத்தையோ உபயோகித்து விடுகின்றனர். இதனால் டயர் கெடுவதும், ரேடியேட்டர் ஓட்டையாவதும், சில சமயம் தீ விபத்து நேர்வதும் உண்டு. எந்தப் பொருளை எவ்விடத்தில் உபயோகிக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் இவற்றை எளிதில் தவிர்க்கலாம்.

ஏன் கழுவ வேண்டும்?

எஞ்சினைச் சுத்தமாக வைத்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. முதலாவதாக, எண்ணெயும் புழுதியும் கலந்து எஞ்சினின் மேல் படியும்போது, அது போர்வை போல அமைந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே வைக்கோல் துரும்பும் பிசுக்கும் அடைத்துக் கொண்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். இரண்டாவதாக, பிசுக்கு மூடிய எஞ்சினில் எண்ணெய்க் கசிவு எங்கே உள்ளது என்பது தெரிவதில்லை. சில ரூபாயில் மாற்றத்தக்க ஓர் ஆயில் சீலைக் கவனிக்காமல் விட்டால், எண்ணெய் வற்றி எஞ்சினே பழுதாகக்கூடும். மூன்றாவதாக, அறுவடைக் காலத்தில் எண்ணெயில் ஊறிய வைக்கோல் தூசி புகைபோக்கிக் குழாயின் அருகே சேர்ந்தால் அது தீக்கு இடமாகும்.

பிசுக்கின் இயல்பு

நம் வீடுகளில் எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பல் இட்டுத் தேய்ப்பது பழைய வழக்கம். சாம்பலில் உள்ள காரம் நல்லெண்ணெய், நெய் போன்ற கொழுப்புடன் சேர்ந்து ஓரளவு சோப்பாக மாறிவிடுகிறது. அதனாலேயே பாத்திரம் சுத்தமாகிறது. இதைக் கண்ட நம்மில் பலர், காரம் மிகுந்த பொருள்தான் எல்லா எண்ணெயையும் நீக்கும் என்று எண்ணுகின்றனர். எஞ்சின் எண்ணெய் விஷயத்தில் இது பொருந்தாது. எஞ்சின் எண்ணெய் வித்துக்களிலிருந்து ஆட்டி எடுத்ததன்று. பெரும்பாலும் நிலத்தடியில் கிடைக்கும் பெட்ரோலியத்திலிருந்து பிரித்து எடுத்தது. காரத்துடன் சேர்ந்து அது சோப்பாக மாறுவதில்லை. எனவே காஸ்டிக் சோடாவைக் கூட்டிக் கொண்டே போவதால் பிசுக்கு அதிகமாகக் கரைந்துவிடாது. கையும் உலோகமும் புண்படுவதுதான் மிச்சம்.

பெட்ரோலியப் பிசுக்கை நீக்க இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, எண்ணெயைக் கரைக்கும் மற்றோர் எண்ணெயைக் கொண்டு அதை இளக்குவது. மற்றொன்று, சோப்பு அல்லது டிடர்ஜெண்டு போன்ற பொருளைக் கொண்டு எண்ணெயைச் சிறுசிறு துளிகளாக உடைத்து நீரில் மிதந்து போகும்படி செய்வது. டிடர்ஜெண்டின் நுண்துகள் ஒவ்வொன்றிலும் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். கழுவிய நீர் பால் போல வெளுத்துத் தோன்றுவது இதனால்தான்.

கடையில் கிடைக்கும் வகைகள்

'டிகிரீஸர்' என்ற பெயரில் விற்கப்படும் திரவங்களையும், வழக்கமாக உபயோகிக்கும் பிற பொருள்களையும் நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை. இவை பிசுக்கை நன்றாகக் கரைக்கும். ஆனால் ரப்பர் குழாயையும் விசிறிப் பெல்ட்டையும் ஊறச் செய்து இளக்கிவிடும். பெட்ரோலின் ஆவி எந்தக் குளிர்ந்த வேளையிலும் தீப்பற்றக் கூடியது. ஆகையால் அதைக் கழுவுவதற்கு எக்காரணம் கொண்டும் உபயோகிக்கலாகாது. மண்ணெண்ணெயும் டீசலும் ஏறத்தாழ 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடக் கூடும். நமது கோடைக்காலத்தின் நண்பகல் வெயிலே அந்த அளவைத் தாண்டும். ஓடி நின்ற எஞ்சினின் சூடு 80 டிகிரியையும் மீறும் என்றால் அபாயத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. கழற்றி எடுத்த இரும்புப் பாகங்களைத் தட்டில் வைத்து, திறந்த வெளியில், சிறிதளவு மண்ணெண்ணெயால் துடைப்பதோடு இவ்வகையை நிறுத்திக் கொள்வது நலம்.

இரண்டாம் வகை, பெட்ரோலிய எண்ணெயுடன் டிடர்ஜெண்டும் சேர்த்துத் தயாரிக்கப்பட்டது. தூரிகையால் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டு நீரால் கழுவலாம். நெடுங்காலம் படிந்து கெட்டியான பிசுக்குக்கு இது ஏற்றது. ரப்பரிலும் மின்கம்பிகளிலும் படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இதுவும் தீப்பற்றும் தன்மையுடையதே. ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்து தயாரிக்கப்படும் திரவங்கள் மணமாக இருந்தாலும், தீ விஷயத்தில் அவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாம் வகை, நீரில் கரைந்த காரப் பொருள்கள். இவற்றில் சலவைச் சோடா போன்ற மிதமான காரம் உள்ளவையும் உண்டு; காஸ்டிக் சோடா கலந்த கடுமையானவையும் உண்டு. காரத்தின் அளவைப் 'பி.எச்.' என்னும் எண்ணால் குறிப்பர். 7 என்பது நடுநிலை. அதற்கு மேல் போகப் போகக் காரம் கூடும். 13, 14 என்று குறித்திருந்தால் அது மிகக் கடுமையானது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். இக்காலத்து ரேடியேட்டர்களிலும் எஞ்சின் மூடிகளிலும் அலுமினியம் மிகுதியாக இருப்பதால், இத்தகைய திரவத்தை எஞ்சின் மீது ஊற்றுவது நஷ்டத்தை விலைக்கு வாங்குவதாகும்.

நான்காம் வகை, காரம் குறைந்த சாதாரண டிடர்ஜெண்டுத் திரவங்கள். பாத்திரம் துலக்கும் திரவமும் இவ்வகையைச் சேர்ந்ததே. மாதம் ஒருமுறை தவறாமல் கழுவும் எஞ்சினுக்கு இதற்கு மேல் வலிமையான பொருள் தேவைப்படுவது அரிது. அடிக்கடி கழுவுவோருக்குச் செலவு குறையும் என்பதன் காரணம் இதுவே.

இவை தவிர, முற்காலத்தில் பட்டறைகளில் குளோரின் கலந்த திரவங்களும் வழங்கி வந்தன. அவற்றுள் கார்பன் டெட்ராகுளோரைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்று கண்டு, 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியில், 2010 முதல் நம் நாட்டில் இத்தகைய உபயோகத்திலிருந்து விலக்கப்பட்டது. டிரைகுளோரோஎத்திலீன் என்னும் மற்றொன்று மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று அறியப்பட்டுள்ளது. பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் எத்திரவத்தையும் வாங்காதிருப்பதே இவற்றிலிருந்து தப்பும் வழி.

டயருக்கு வேண்டுவது வேறு

எஞ்சினுக்கு ஏற்ற பொருளே டயருக்கும் ஏற்றது என்று எண்ணுதல் தவறு. டிராக்டர் டயரில் இயற்கை ரப்பர் கணிசமாகக் கலந்திருக்கிறது. எண்ணெயும் டீசலும் பட்டால் ரப்பர் உப்பி வலுவிழக்கும். மேலும், வெயிலாலும் காற்றாலும் வெடிப்பு உண்டாகாமல் தடுக்க, டயர் தயாரிக்கும்போதே மெழுகும் வேறு சில காப்புப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. இவை சிறிது சிறிதாக மேலே வந்து படிந்து டயரைக் காக்கின்றன. டயரின் பக்கவாட்டில் பழுப்பு நிறம் தோன்றுவதற்கு இக்காப்புப் பொருளும் ஒரு காரணம். அதை அழுக்கு என்று கருதிக் கடுங்காரத்தாலோ மண்ணெண்ணெயாலோ தேய்த்து எடுத்தால் டயர் விரைவில் வெடிக்கும்.

சேறு, சாணம், உரம் முதலியவற்றைத் தண்ணீரால் கழுவி, சிறிது டிடர்ஜெண்டு நீரும் நார்த் தூரிகையும் கொண்டு தேய்த்தால் போதும். எண்ணெய் சிந்திவிட்டால் உடனே துணியால் ஒற்றி எடுத்து இவ்வாறே கழுவுக. பளபளப்புக்காகக் கழிவு எண்ணெயைப் பூசும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

வாங்குமுன் மூன்று சோதனைகள்

முதலில் நம் ஊர்த் தண்ணீரைச் சோதித்தல் வேண்டும். ஒரு புட்டியில் பாதியளவு நீரும் சிறிது சோப்பும் இட்டுக் குலுக்குக. நுரை எழாமல் வெண்மையான திப்பி மிதந்தால் அது கடின நீர். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல ஊர்களில் இத்தகையது. அங்கே சோப்புக் கட்டி வீணாகும். டிடர்ஜெண்டே பயன் தரும்.

இரண்டாவது, அலுமினியச் சோதனை. உபயோகிக்கும் அளவில் நீர் கலந்த திரவத்தைச் சிறிதளவு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, திறந்த வெளியில் வைத்து, ஓர் அலுமினியத் துண்டை அதில் போடுக. கால் மணி நேரத்துக்குள் துண்டிலிருந்து குமிழிகள் விடாமல் எழுந்தாலோ துண்டு கறுத்தாலோ அத்திரவம் ரேடியேட்டர் பக்கம் போகலாகாது.

மூன்றாவது, விலைக் கணக்கு. உதாரணமாக, அப்படியே உபயோகிக்கத்தக்க திரவம் ஒரு லிட்டர் 120 ரூபாய் என்றும், நீர் கலக்க வேண்டிய செறிவான திரவம் ஒரு லிட்டர் 330 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பின்னதில் 10 லிட்டர் நீர் சேர்த்தால் 11 லிட்டர் கிடைக்கும்; ஒரு லிட்டருக்கு அடக்கம் 30 ரூபாயே. கெட்டிப் பிசுக்குக்காக 3 லிட்டர் நீர் மட்டும் சேர்த்தால் 4 லிட்டர் கிடைக்கும். அடக்கம் 82 ரூபாய் 50 காசு. டப்பாவின் விலையைப் பார்க்காமல், கலந்தபின் ஒரு லிட்டருக்கு என்ன விழுகிறது என்று பார்ப்பதே சிக்கனம்.

கழுவும் முறை

எஞ்சினை நிறுத்தி, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட வேண்டும். பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றுக. காற்று வடிகட்டியின் வாய், டைனமோ, மின் இணைப்புகள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடுக. பின்னர் கெட்டிப் பிசுக்கை மரச் சிராயால் சுரண்டி, உமியோ மரத்தூளோ தூவித் துடைத்து எடுக்க வேண்டும். பாதிப் பிசுக்கு இவ்வாறே நீங்கிவிடும், திரவமும் மிச்சமாகும்.

எஞ்சின் நிழலில் இருக்கும்போது, திரவத்தைத் தடவி, டப்பாவில் குறித்த நேரம் மட்டுமே ஊறவிடுக. காய்ந்து போக விடலாகாது. பிறகு மிதமான வேகத்தில் நீர் ஊற்றிக் கழுவுக. அழுத்தம் மிகுந்த குழாயை நெருக்கமாகப் பிடித்தால் ரேடியேட்டர்த் தகடுகள் மடங்கும். பேரிங்குகளுக்குள் நீர் புகும். ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகக் கழுவுவதே முறை. பிரேக்குப் பாகங்களில் இத்திரவங்கள் படக்கூடாது. நன்கு உலர்ந்தபின் மூடிகளை நீக்கி, பாட்டரியை இணைத்து, கிரீஸ் இட வேண்டிய இடங்களில் புதிதாக கிரீஸ் இடுக. சாலைக்குக் கொண்டுபோகுமுன் பிரேக்கைச் சோதிக்க மறவாதீர். மறுநாள் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தால் கசிவு எங்கே என்பது பளிச்செனத் தெரியும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் கிணற்றடியிலும் டிராக்டரைக் கழுவுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. எண்ணெய் நீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவிக் காற்று கலப்பதைத் தடுக்கிறது. டிடர்ஜெண்டு மீன்களின் செவுள்களைப் பாதிக்கிறது. கால்நடைகள் குடிப்பதும் அந்த நீரைத்தான். ஒருவர் கழுவுவதால் வரும் கேடு ஊர் முழுவதையும் சேர்வதால், இது தனிமனிதர் விஷயமன்று. ஊராட்சி கவனிக்க வேண்டிய விஷயம்.

குடிநீர்க் கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தொலைவான மேட்டிடத்தில், சரிவான சிமெண்டுத் தளம் ஒன்று அமைத்து, அதன் கீழ்ப்புறத்தில் இரு தொட்டிகள் கட்டலாம். முதல் தொட்டியில் மண் படியும். இரண்டாம் தொட்டியில் எண்ணெய் மேலே மிதக்கும். கீழ்மட்டத்திலிருந்து நீர் வெளியேறுமாறு குழாயை வளைத்து அமைக்க வேண்டும். டிடர்ஜெண்டு மிகுதியானால் எண்ணெய் நீருடன் கலந்தே போய்விடும், தொட்டியால் பயனிராது. முதலில் உமியால் துடைத்து எடுத்தல் அவசியம் என்று மேலே கூறியது இதற்காகவும்தான். வெளியேறும் நீரையும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடலாகாது.

எஞ்சினிலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியதாகும். அதைத் தரையில் ஊற்றுவதும் எரிப்பதும் கூடாது. ஊருக்குப் பொதுவாக மூடியுள்ள ஒரு பீப்பாய் வைத்துச் சேர்த்து ஒப்படைப்பதைப் பஞ்சாயத்தே ஏற்பாடு செய்யலாம். எண்ணெய் ஊறிய உமியை எருக்குழியில் இடாமல் தனி டப்பாவில் மூடி வைத்து, அதையும் அவ்வாறே ஒப்படைத்தல் நலம்.

எச்சரிக்கை

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. குளிர்பானப் புட்டிகளிலும் தண்ணீர்ப் புட்டிகளிலும் இத்திரவங்களை ஊற்றி வைக்கக் கூடாது. தாகத்தோடு வரும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். காஸ்டிக் நீரையோ மண்ணெண்ணெயையோ விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. காஸ்டிக் மீண்டும் தொண்டையைச் சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகும். தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். டப்பாவையும் உடன் எடுத்துச் செல்லுக. கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவியபின் மருத்துவரிடம் போக வேண்டும். வேலை செய்யும்போது ரப்பர்க் கையுறையும் கண்ணாடியும் அணிதல் அவசியம்.

மிதமான பொருளை அடிக்கடி உபயோகிப்பவருக்குக் கடுமையான பொருள் தேவைப்படாது. காளையைப் பேணியது போலவே இயந்திரத்தையும் பேணினால் அது நெடுநாள் உழைக்கும். ஊர் நீரும் கெடாமலிருக்கும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கழுவுதளம் அமைப்பது பற்றி உறுப்பினர்கள் எடுத்துப் பேசுவார்களாக.