உடைந்த பேட்டும் நான்கு பெயில்ஸும்

பிடி விரிசல் விட்ட கிரிக்கெட் பேட் பெரும்பாலும் பரணுக்குப் போகிறது; சில வீடுகளில் துணி துவைக்கப் போகிறது. உடைந்தது பிடிதான். கீழே இருக்கும் அகன்ற பாகம் எடை குறைந்த, தேர்ந்தெடுத்து உலர்த்திய அருமையான மரம். அதோடு ஸ்டம்புகளின் மேல் வைக்கும் பெயில்ஸ் இரண்டு ஜோடி பழையதும் கதவு வேலையில் மிஞ்சிய இரண்டு கட்டைகளும் இருந்தால், சாவி, தொப்பி, துண்டு மாட்டும் பலகை ஒன்றைச் செய்துவிடலாம்.

வேலையில் இறங்குமுன் அந்த மரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நம் கடைகளில் விற்கும் பேட்டுகளில் பல, காஷ்மீரின் அனந்தநாக் பக்கம் வளரும் வில்லோ மரத்தில் செய்தவை. விலை கூடியவை இங்கிலாந்து வில்லோ. பேட்டின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள் மரத்தின் ஆண்டு வளையங்கள். வில்லோ இயல்பில் மென்மையான மரம். பந்தின் அடியைத் தாங்குவதற்காக, செய்யும்போதே உருளையால் அதன் முகத்தை அழுத்தி இறுக்குகிறார்கள். ஆகவே மேல்தோல் கெட்டி, உள்ளே மெத்து. போதாததற்கு, அந்தக் கோடுகளின் போக்கிலேயே பிளந்துகொள்ளவும் செய்யும். ஆணி அடிக்கவே கூடாது என்பதற்கும், ஸ்குரூ போடுமுன் மெல்லிய துளை இட வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான்.

முதலில் பிடியைத் தோளருகே ரம்பத்தால் நறுக்கிவிடுங்கள். ஸ்டிக்கரை முடி உலர்த்தும் மிஷினால் சூடாக்கினால் உரிந்து வரும். முகத்தில் உள்ள சிவப்புப் பந்துத் தடங்களைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். பலகைக்கு அழகே அவைதான்.

கொக்கிக்கு பெயில்ஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் வடிவம். விதிப்படி ஒரு பெயிலின் நீளம் 10.95 செ.மீ. நடுவில் 5.4 செ.மீ. உருண்டை, ஒரு பக்கம் 3.49 செ.மீ. நீளக் காம்பு, மறுபக்கம் 2.06 செ.மீ. குட்டைக் காம்பு. நீளக் காம்பு துளைக்குள் போனால் உருண்டை முகத்தில் வந்து முட்டி நிற்கும், குட்டைக் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். யாரோ இதற்காகவே கடைந்து கொடுத்தது போல!

துளை எங்கே? பேட்டின் முதுகில் மேடாக எழும் நடுக்கோட்டுக்கு நேர் எதிரே, முகத்தில். மரம் தடிமனாக இருப்பது அங்கேதான், விளிம்பு மெல்லியது. ஏறத்தாழ 12 செ.மீ.க்கு ஒன்றாக நான்கு துளைகள். இரு முனைகளிலும் பேட் மெலிவதால் அங்கே தடிமனை அளந்து, தேவையானால் காம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். துளை மறுபக்கம் போய்விடாமலிருக்க டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஏற்ப டேப் சுற்றிக்கொள்வது நல்லது. பலகை சுவரில் கிடைமட்டமாக இருக்கும்; அந்த நிலையில் கொக்கியின் முனை சற்றே மேல்நோக்கி இருக்குமாறு துளையைச் சாய்த்துப் போட்டால் மாட்டியது வழுக்காது. காம்பின் பருமன் பெயிலுக்குப் பெயில் மாறும். வேறொரு கட்டையில் துளை போட்டுச் செருகிப் பார்த்தபின் பேட்டில் கை வையுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் ஊறிய பேட்டின் மேற்பரப்பில் மரப்பசை சரியாகப் பிடிக்காது. துளைக்குள் புது மரம் வெளிப்படுவதால் அங்கே கவலையில்லை. பசை தடவிச் செருகி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுபடி எண்ணெய் பூசினால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு உண்டாகும்; மடிப்புக்குள் அந்தச் சூடு தேங்கித் துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப் போடுங்கள்.

முதுகு மேடு காரணமாக பேட் சுவரில் படிந்து நிற்காது. மேட்டை இழைத்துத் தள்ளினால் துளைக்கு வேண்டிய தடிமன் போய்விடும். கட்டைகளுக்கு வேலை இங்கேதான். பேட்டின் அகலம் அதிகபட்சம் 10.8 செ.மீ.; ஆகவே கட்டை ஒவ்வொன்றும் 16 செ.மீ. நீளம் இருக்கட்டும். மேட்டின் வளைவை அட்டையில் வெட்டி எடுத்து, கட்டையில் வரைந்து, உளியால் பள்ளம் செதுக்குங்கள். இரு கட்டைகளையும் பேட்டுக்குக் குறுக்காக வைத்து, பின்னாலிருந்து ஸ்குரூ போட்டு இணையுங்கள். மேலும் கீழும் நீளும் முனைகளைச் சுவரில் பிளக் வைத்து முடுக்கலாம்.

கனத்த பள்ளிப்பையை மட்டும் இதில் தொங்கவிட வேண்டாம். மெல்லிய காம்பு தாங்காது. நறுக்கிய பிடியில் விரிசல் படாத பகுதி இருந்தால் எடுத்து வையுங்கள். பிரம்பை ஒட்டிச் செய்த அந்தத் துண்டு, பிடியில்லாத அரத்துக்கு நல்ல பிடியாகும்.