காப்பீட்டு ஒப்பந்தமும் இயன்முறை மருத்துவரும்: கையெழுத்துக்கு முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரத்தில் சிறிய அளவில் இயன்முறை சிகிச்சை மையம் நடத்துவோரிடம், பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களோ, அவற்றின் சார்பில் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மூன்றாம் தரப்பு நிர்வாகிகளான டிபிஏ நிறுவனங்களோ ஒப்பந்தம் பேச வரும்போது, குறைந்த கட்டணத்துக்கு ஈடாக நோயாளிகள் பெருகுவர் என்பதே முதன்மையான வாக்குறுதியாக இருக்கும். அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் மிகுந்த இத்தலைநகரில் அவர்களுக்காக 2022 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட மெடிசெப் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், பெரும்பாலான தனியார் பாலிசிகளும் உள்நோயாளிச் சிகிச்சையையே மையமாகக் கொண்டவை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் பெறும் இயன்முறை சிகிச்சைக்குத் தனியார் பாலிசிகள் பொதுவாகப் பணம் தருவது, அது அதே நோய்க்காக, மருத்துவரின் பரிந்துரையோடு, குறித்த நாட்களுக்குள் பெறப்பட்டால் மட்டுமே என்பதால், வாக்களிக்கப்பட்ட பெருக்கம் எந்த அளவுக்கு உண்மையாகும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

அடுத்து, வாடகை, ஊதியம், கருவிகள், கோரிக்கைப் படிவங்களுக்குச் செலவாகும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் அமர்வின் அடக்கச் செலவை அறிந்து, நிறுவனம் தரும் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். கட்டணத்தை ஒருதலையாக மாற்றும் உரிமை, நோயாளியிடம் கூடுதல் தொகை பெறத் தடை, கொடுத்த பணத்தைத் தணிக்கைக்குப்பின் திரும்பப் பிடித்தல், வழக்கு நடத்த வேண்டிய இடத்தைத் தொலைவிலுள்ள நகரமாகக் குறித்தல் ஆகிய நிபந்தனைகளே பிற்காலத்தில் பெருஞ்சுமையாக மாறக்கூடியவை.

சட்டம் சில காப்புகளைத் தந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்துக்குரிய தொகையை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட காலத்துக்குள், எவ்வாறாயினும் 45 நாட்களுக்கு மிகாமல் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி சேர்வதோடு, அச்சட்டத்தின்கீழ் அமைந்த வசதியாக்கக் குழுமத்திடம் முறையிடவும் வழியுண்டு. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், பதிவுக்கு முந்தைய ஒப்பந்தத்துக்கு இப்பயன் கிட்டாது எனக் கூறியதால், இத்தகைய நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைக் கையெழுத்துக்கு முன்பே முடிப்பது பாதுகாப்பானது. கோரிக்கை மறுக்கப்பட்ட நோயாளி, நிறுவனத்திடம் முதலில் முறையிட்டபின் கொச்சியிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவ்வழி பாலிசிதாரருக்கானது, மையத்துக்கானதன்று.

மையங்கள் சங்கமாகக் கூடி ஒப்பந்த நிபந்தனைகளை ஆராய்வதும் சட்ட ஆலோசனை பெறுவதும் பயன் தரும். ஆனால் கட்டணத்தைக் கூட்டாக நிர்ணயிப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு முரணாகலாம் என்பதால் ஒவ்வொரு மையமும் தன் விலையைத் தானே முடிவுசெய்ய வேண்டும். 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் இயன்முறை மருத்துவரைச் சுகாதாரத் தொழில்முறையாளராக ஏற்றுள்ள நிலையில், பக்கவாதத்தால் கையசைவை இழந்தவருக்கு எத்தனை அமர்வுகள் தேவை என்பது கட்டண அட்டவணையால் தீர்மானிக்கப்படக் கூடாது. அமர்வு நேரத்தைக் குறைத்தால் மட்டுமே கட்டுப்படியாகும் ஒப்பந்தத்தை, திருத்தம் கோரி எழுத்தில் கேட்டும் நிறுவனம் இணங்காவிடில், மறுப்பதே நோயாளிக்கும் தொழிலுக்கும் செய்யும் நன்மையாகும்.