பாகையும் தசமமும்: கோண அளவை மாற்றம்

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு தாலுகாவைச் சேர்ந்த பொன்முடி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள மலைவாசஸ்தலம். அதன் இருப்பிடம் தோராயமாக வட அட்சம் 8 பாகை 45 கலை. கிழக்குத் தீர்க்கம் 77 பாகை 7 கலை. சர்வே இலாகாவின் நிலப்படங்கள் இம்முறையிலேயே ஓரக் குறிகளைத் தருகின்றன. கைபேசியோ பெரும்பாலும் தசமப் பாகையில் காட்டுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் பிழை புகுகின்றது.

எவ்வாறெனில், 8 பாகை 45 கலையை 8.45 என்றும், 77 பாகை 7 கலையை 77.07 என்றும் எழுதிவிடுவோர் உளர். மழைக்காலத்தில் மண் சரிந்த இடத்தை ஓர் ஊழியர் இங்ஙனம் தெரிவித்தாரெனக் கொள்வோம். மீட்புக் குழுவினர் தெற்கே 33 கிலோமீட்டரும், மேற்கே 5 கிலோமீட்டரும் விலகி, நெய்யாற்றின்கரைக்கு அருகே சமவெளியில் போய் நிற்பர்! 45 என்பது நூற்றில் 45 அன்று, அறுபதில் 45 என்பதை மறந்ததன் பயன் இது.

ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. ஆகவே கலையை 60ஆல் வகுக்க வேண்டும். 45ஐ வகுக்க 0.75, 7ஐ வகுக்க 0.117. சரியான எண்கள் 8.75, 77.117 என்பனவாம். எதிர்வழியில், 8.762 பாகை கிடைத்தால், தசமப் பகுதியை 60ஆல் பெருக்க 45.72 கலை வரும், எஞ்சிய 0.72ஐ மீண்டும் 60ஆல் பெருக்க ஏறத்தாழ 43 விகலை. அட்சத்தில் ஒரு விகலை தரையில் சுமார் 31 மீட்டர். தசமத்தின் நான்காம் தானத்து ஓர் அலகு 11 மீட்டர். கைபேசி காட்டும் ஆறேழு தானங்களை அப்படியே எழுதுவது வீண் சிரமம்.

கணித வகுப்பில் வரும் ரேடியன் களத்திற்கு உதவாது என்று எண்ணற்க. ஒரு ரேடியன் 57 பாகை 18 கலை, அதாவது 3,438 கலை. எனவே 20 மீட்டர் உயரமுள்ள மரம் 20 கலைக் கோணத்தில் தோன்றுமாயின், அது 3,438 மீட்டர் தொலைவில் உள்ளது. 40 கலையாயின் அதில் பாதி.

ஆசிரியர்களுக்கு இன்னுமொரு கணக்கு. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகின்றது. இந்திய நேரத்திற்குரிய தீர்க்கம் 82 பாகை 30 கலை. பொன்முடிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 5 பாகை 23 கலை. காலத்தில் 21 நிமிடம் 32 விநாடி. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது பொன்முடியில் சராசரிச் சூரிய நேரம் 11 மணி 38 நிமிடமே. பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டு, நிழல் மிகக் குறுகும் வேளையைக் குறித்து வந்தால் மாணவர் இதனைத் தாமே காணலாம். ஆண்டின் பருவத்திற்கேற்ப அவ்வேளை கால் மணி நேரம்வரை முன்பின்னாக நகரும்.