டவர் இருந்தும் வேகம் இல்லையே, ஏன்?

(பண்ணை வானொலிப் பேச்சு)



நேயர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. "ஐயா, என் தம்பி அந்தமானில் ஹட் பே பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். கடலுக்கடியில் கேபிள் போட்டாச்சு, இப்போ டவரையும் புதுசாக்குறாங்க என்கிறான். ஆனா முன்னாடி கிடைச்ச நெட்டுகூட இப்போ கிடைக்கலையாம். தென்னை ஓலையில் நோய் விழுந்திருக்கு, படம் அனுப்புடான்னா அரை நாளா சுத்திக்கிட்டே இருக்கு. நெல் போட்ட பணம் கையில் இருக்கு. 5ஜி போன் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்கிறார்.

அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்கிறேன்.

மேட்டூரில் அணையைத் திறந்துவிட்டால் மட்டும் கடைமடை வயல் நனைந்துவிடுமா? ஆறு, வாய்க்கால், வயல் மடை மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஒரு இடம் தூர்ந்து கிடந்தாலும் அந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். செல்போன் வேகமும் அப்படித்தாங்க. சென்னையிலிருந்து தீவு வரை ஒரு வழி. தீவுக்குள் மையத்திலிருந்து டவர் வரை ஒரு வழி. டவரிலிருந்து கையிலுள்ள போன் வரை ஒரு வழி. இந்த மூன்றில் எது குறுகலோ, அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் வழி முன்பு செயற்கைக்கோள் மூலமாக இருந்தது. அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நாம் கேட்கும் கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே மாதிரி வருவதற்கே அரை நொடி ஆகிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த வழி மிகவும் குறுகலானது. தீவு முழுக்க அதைத்தான் பங்கு போட வேண்டும்.

2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி சென்னை – அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளியாகச் செய்தி ஓடுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போய்ச் சேர ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. (அந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.) அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்குக் கேபிள் போகிறது. ஹட் பே இருப்பது லிட்டில் அந்தமானில்தான். ஆகவே தம்பி ஊருக்குப் பெரிய வாய்க்கால் வந்துவிட்டது.

எல்லாத் தீவுக்கும் அப்படி இல்லை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்திய கச்சால் தீவு, 2020-இல் கேபிள் போன இடங்களில் சேரவில்லை. அப்படிப்பட்ட தீவுகளுக்குப் பக்கத்துத் தீவிலிருந்து காற்று வழியாகவோ, செயற்கைக்கோள் வழியாகவோதான் செய்தி போயாக வேண்டும். அவர்கள்தான் இதில் கடைமடைக்காரர்கள்.

சரி, வாய்க்கால் வந்த ஊரில் ஏன் தொல்லை? டவரில் வேலை நடக்கிறதே, அதனால்தான்.

வாய்க்கால் தூர் வாரும்போது தண்ணீரை நிறுத்துகிறோம் அல்லவா? அதுபோல டவர் கருவியை மாற்றும்போது அதை நிறுத்த வேண்டியிருக்கும். நம் ஊரில் ஒரு டவர் நின்றால் பக்கத்து ஊர் டவர் கொஞ்சம் தாங்கும். தீவில் பக்கத்தில் இருப்பது கடல். ஒரு சாமான் குறைந்தாலும் அது கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் வேலை தள்ளிப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கம்பெனிக்கு அலைவரிசை இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறது. பழைய பயிர் அறுவடை ஆகாமல் நிற்கும்போதே, அதே வயலில் ஒரு பாத்தியை ஒழித்துப் புது நாற்று விடுவது போல, பழைய சேவைக்கு இருந்த அலைவரிசையில் ஒரு பகுதியை எடுத்துப் புதுச் சேவைக்குக் கொடுக்கிறார்கள். அதுவரை பழைய போன்காரர்களுக்கு இடம் நெருக்கடிதான்.

எட்டும் தூரத்திலும் வித்தியாசம் இருக்கிறது. வானொலி கேட்கும் உங்களுக்கு இது புரியும். மத்திய அலை வெகுதூரம் வரும், எப்.எம். தெளிவாக இருக்கும், ஆனால் தூரம் குறைவு. செல்போனிலும் 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 5ஜி-க்கு அதிகம் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை நிறையச் சுமக்கும், ஆனால் கிட்டத்தில்தான் வேலை செய்யும். டவரில் 5ஜி கருவியே இல்லை என்றால் போன் மட்டும் 5ஜி ஆக இருந்து என்ன பயன்?

ஆகவே கடிதம் எழுதிய அன்பரே, போன் வாங்குமுன் தம்பியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பக்கத்து வீட்டுப் போன்களிலும், அதே கம்பெனி சிம்மில், இதே கதைதானா? ஆம் என்றால் குறை போனில் இல்லை.

இரண்டு: விடியற்காலை நாலு மணிக்கு வேகம் வருகிறதா? வந்தால், மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறப்பதுதான் காரணம். சிக்னல் கோடு முழுசாக இருந்தும் எந்த நேரமும் படம் நகரவில்லை என்றால், டவருக்குப் பின்னால் எங்கோ குறுகல். புதுப் போன் அதைத் தீர்க்காது. கோடு என்பது டவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதற்கு அடையாளம். வேகத்துக்கு அது அடையாளம் அல்ல.

மூன்று: அடுத்தவர் போனில் 4ஜி என்று காட்டும்போது தம்பி போனில் மட்டும் காட்டவில்லையா? அப்போது சிம் பழசா என்று பார்த்து மாற்றச் சொல்லுங்கள். செட்டிங்கில் 4ஜி அணைந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். போனுக்கே 4ஜி வசதி இல்லாவிட்டால் சாதாரண 4ஜி போன் போதும்.

அதுவரை ஓலையின் படத்தைச் சின்ன அளவாக்கி விடியற்காலையில் அனுப்பலாம். நெட் இல்லாமல் பேச்சு மட்டும் கிடைத்தால், 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமில்லாமல் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது நிக்கோபார்த் தீவுகள் பலவற்றோடு தொடர்பே அற்றுப் போனது. கேபிள் வந்தபின் நிலைமை எவ்வளவோ மேல். என்றாலும் கேபிளும் அறுபடலாம், டவருக்கும் கரண்டு போகலாம். டவர் வேலை நடக்கும் நாட்களில் புயல் எச்சரிக்கையைச் செல்போன் ஒன்றையே நம்பிக் காத்திருக்கக் கூடாது. நல்ல பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று தம்பி வீட்டில் இருக்கட்டும். நெல் பணத்தில் முதலில் அதை வாங்கி அனுப்புங்கள். மிச்சத்தை அந்த மூன்று கேள்விக்கும் பதில் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.