ரேடியேட்டரில் ஒரு பிரஷர் குக்கர்

சித்திரை வெயிலில் தொண்டூரிலிருந்து செஞ்சிக்குப் போகும் எஸ்.யூ.வி. காரில் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்தியதும் பலர் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போவார்கள். மாணவர்களே, திருகினால் கையும் முகமும் வெந்துவிடும்! ஏன்?

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியிலுள்ள சுருள்வில்லோ, உள்ளே ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தம் சேரும்வரை வழிவிடாது. ஆகவே 120 டிகிரியை நெருங்கும்வரை நீர் கொதிப்பதில்லை. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமேதான். மூடி திறந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது. 110 டிகிரி நீர் இனி முழுதும் திரவமாக இருக்க முடியுமா? ஒரு பகுதி நொடியில் ஆவியாகி, மீதி நீரையும் வெளியே வாரியடிக்கும்.

எனவே என்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். பிறகே நீர்க்கசிவு, விசிறி, பெல்ட் இவற்றைப் பார்க்கவேண்டும்.

என்ஜின் கொதித்தும் ரேடியேட்டர் சூடேறவில்லையானால், மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை ஐயுறுவார். அதனுள் இருப்பது சிறிதளவு மெழுகுதான்! பல வண்டிகளில் அது 80 டிகிரியையொட்டி உருகி விரிந்து, வால்வைத் தள்ளித் திறக்கும். திறந்தால்தான் சுடுநீர் ரேடியேட்டருக்குப் போகும். ஆறிய என்ஜினிலிருந்து அதைக் கழற்றி, நீருள்ள சட்டியில் வெப்பமானியோடு இட்டுச் சூடாக்குவார். நீர் கொதித்தும் வால்வு அசையவில்லையா? குற்றவாளி அதுவே.