கருவியை எடுக்கும் முன் கண்ணையும் விரலையும் நினைப்போம்

1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்க லேத் பட்டறைகளும், வார்ப்புக்குப் பவுண்டரிகளும் வந்தன. பிறகு பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று தொழில் விரிந்தது. கோவைக்குக் கிழக்கே திருச்சி சாலையில் இருக்கும் சூலூரும் இந்த வளர்ச்சியில் பங்கு பெற்ற ஊர்தான். ஒரு பக்கம் நூற்பாலை, இன்னொரு பக்கம் சோமனூர், பல்லடம் வரை நீளும் விசைத்தறிக் கூடங்கள், இடையிடையே வெல்டிங் பட்டறைகள். இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிவது ஒருவருடைய கைத்தொழிலால்.

நம் சமுதாயத்து இளைஞர்களிலும் வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் வேலை, ஏ.சி. மெக்கானிக் என்று போகிறவர்கள் அதிகம். வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலரும் இங்கே கற்ற தொழிலோடுதான் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுடைய முதலீடு இரண்டு கண்களும் பத்து விரல்களும். மெஷின் போனால் தவணையில் இன்னொன்று வாங்கலாம்; கண் போனால் வாங்க முடியாது. ஆனாலும் ‘அஞ்சு நிமிஷ வேலைதானே’ என்ற ஒரு சொல்லில் பாதுகாப்பைத் தள்ளிவைக்கிறோம். கருவியைத் தேர்ந்தெடுப்பது, எடுத்துச் செல்வது, கையாள்வது பற்றி ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வாங்கும்போது

கைக்கருவியில் முதலில் பார்க்க வேண்டியது பிடி. சுத்தியலின் காம்பு ஆடக் கூடாது. ஆணி அடித்து இறுக்கிய காம்பு ஒருநாள் தலையைப் பறக்கவிடும். அரத்தைப் பிடி இல்லாமல் பயன்படுத்தினால் அதன் வால்முனை உள்ளங்கையில் ஏறும். பிடி போடாத அரத்தை வாங்கினால் பிடியையும் சேர்த்தே வாங்குங்கள். ஸ்பேனரில் ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருக்கிறதா, வாய் நட்டின் மீது ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். வாய் தளர்ந்த ஸ்பேனர் வழுக்கும். அப்போது சிதைவது நம் விரல் முட்டி. இறுக்கும்போதும் கழற்றும்போதும் ஸ்பேனரை நம் பக்கம் இழுப்பதே நல்லது. தள்ளினால், வழுக்கும்போது உடலின் எடை முழுதும் கையோடு போய் மோதும். பலம் போதவில்லை என்று ஸ்பேனரில் குழாயைச் சொருகி நீட்டாதீர்கள். பெரிய ஸ்பேனரை எடுங்கள்.

இரும்பு வெட்டும் உளியின் தலை, அடிபட்டு அடிபட்டுப் பூப்போல விரிந்துவிடும். அந்த ஓரங்கள் உடைந்து தெறித்தால் கண்ணில் பாயும். விரிந்த தலையை அரைத்துச் சீராக்கிய பிறகே அடிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை உளியாகவும், கட்டிங் பிளேயரைச் சுத்தியலாகவும் ஆக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

மின்கருவியில் பெயர்ப்பலகையைப் படிப்பது அவசியம். வாட், வோல்ட், ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற மூன்றும் அதில் இருக்கும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள மெஷின். அந்தக் குறி இல்லாததற்கு எர்த் உள்ள மூன்று பின் பிளக் கட்டாயம். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள், வயர் உள்ளே நுழையும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா, சுவிட்ச் ஒட்டிக்கொள்கிறதா, கூடவே வர வேண்டிய ‘கார்டு’ இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு என்பது சக்கரத்தை மறைக்கும் தகடு. அது இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கிரைண்டரில் நடப்பது என்ன?

பட்டறைக்காரர்கள் ‘ஏ.ஜி. ஃபோர்’ என்று சொல்லும் 4 அங்குலக் கிரைண்டர் இன்று பல வீடுகளிலும் இருக்கிறது. பட்டறைக் கருவிகளில் அதிகமாகக் கவனிக்க வேண்டியதும் இதுதான். அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். 100 மில்லிமீட்டர் சக்கரத்தின் விளிம்பு அந்த வேகத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. சக்கரம் உடைந்தால் துண்டுகள் புறப்படுவது அந்த வேகத்தில்தான். கார்டு இருந்தால் அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்து, நம் முகத்துக்கு வராமல் வேறு பக்கம் திருப்பிவிடும்.

கட்டிங் வீலின் மேல் அதிகபட்சச் சுற்று அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக 4 அங்குல வீலில் 15,300, 5 அங்குலத்தில் 12,250, 7 அங்குலத்தில் 8,500 என்று இருக்கும். மூன்றுக்கும் கணக்கு ஒன்றே: விளிம்பின் வேகம் விநாடிக்கு 80 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெரிய மெஷினில் ஓடித் தேய்ந்த 7 அங்குல வீலை வீணாக்க வேண்டாம் என்று சின்ன மெஷினில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 8,500 சுற்றுக்குச் செய்த பொருளை 11,000-ல் ஓட்டுவது என்பது அதன் பொருள். அதை மாட்ட கார்டையும் கழற்ற வேண்டும். நடு ஓட்டையும் பொருந்தாது. வளையம் வைத்து அடைக்க வேண்டியிருக்கும். சக்கரம் நடுவில் சரியாக உட்காராமல் அதிரும். மூன்று தவறும் ஒன்றாகச் சேரும்போது வீல் வெடிப்பதில் வியப்பில்லை. 5 அங்குல வீலைச் சின்ன மெஷினில் மாட்டுவதிலும் கார்டு, ஓட்டை என்ற இரண்டு கோளாறும் உண்டு.

மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது இன்னும் மோசம். பல் மரத்தில் சிக்கியதும் மெஷின் உதைக்கும். பிடித்திருப்பவர் கழுத்துக்கோ தொடைக்கோ திரும்பும். மரத்துக்கு மர மெஷின்தான்.

இவற்றோடு சில பழக்கங்களும் வேண்டும். வீல் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பக்கவாட்டுப் பிடியைக் கழற்றாமல் இரண்டு கையாலும் பிடியுங்கள். புதிய வீலை மாட்டியதும், அதன் நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். கட்டிங் வீலின் பக்கவாட்டை வைத்து அரைக்காதீர்கள். அது வெட்டுவதற்கு மட்டுமே. பல வீல்களில் நடு உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள். அணைத்த பிறகும் சக்கரம் சில விநாடிகள் சுற்றும். நின்ற பிறகே கீழே வையுங்கள்.

மேசையில் பொருத்திய கிரைண்டரின் கல்லை மாட்டும் முன், மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல மரப்பிடியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்றால் நல்லது. ‘சொத்’தென்றால் உள்ளே விரிசல், மாட்டக் கூடாது. கல்லுக்கும் பொருளைத் தாங்கும் தகட்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் பொருள் இடுக்கில் சிக்கி, விரலையும் இழுத்துக்கொள்ளும்.

கரண்ட் விஷயத்தில்

பிளக் இல்லை என்று வயரைச் சீவி நேராகச் சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சியால் அடைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உயிருக்கு உலைவைக்கும் வேலை அது. எர்த் உள்ள மெஷினுக்கு எக்ஸ்டென்ஷன் வயரும் மூன்று கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். சுருட்டியபடியே கனமான மெஷினை ஓட்டினால் வயர் சூடாகி உருகும், முழுதும் விரித்துவிடுங்கள். வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், கசிவு மின்சாரம் உடலில் பாயும்போது நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும். எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. அது வயரைக் காப்பதற்கு.

வேலை நடுவே கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுவிட்ச் பூட்டியபடியே மெஷினைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தால், கரண்ட் வந்ததும் அது தானாக ஓடத் தொடங்கும். பக்கத்தில் குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எடுத்துச் செல்லும்போது

பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளோடு போகிறவர், யாருக்கும் காயம் படாதபடி அவற்றின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைப் புகாரி, முஸ்லிம் நூல்களில் காணலாம். உறை இல்லாத உளியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் கூட்டத்தில் நிற்பவருக்கும், பக்ரீத் நாளில் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போகிறவருக்கும் இது பொருந்தும்தானே?

கூர்முனைக்கு ஒரு தோல் உறையோ, பழைய ஹோஸ் பைப் துண்டோ போதும். ஸ்க்ரூ டிரைவரைப் பின்பாக்கெட்டில் வைத்து வண்டி ஓட்டாதீர்கள். விழுந்தால் அது முதுகில் ஏறும். கருவிகளைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் பெட்டியில் போட்டு வண்டியின் பின்னால் கட்டுங்கள். ஏணியில் ஏறும்போது இரண்டு கையும் ஏணிக்கு வேண்டும். கருவி இடுப்புப் பையில் வரட்டும், அல்லது கயிற்றில் மேலே இழுத்துக்கொள்ளலாம். கீழே இருந்து தூக்கிப் போடுவதும் பிடிப்பதும் வேண்டாம். இன்னொருவரிடம் கொடுக்கும்போது பிடி அவர் பக்கம் இருக்கட்டும். மெஷினை வயரைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

சூலூர் விமானப்படைத் தளத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பணிமனையே இருக்கிறது. விமானப் பராமரிப்பில் உலகெங்கும் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் பலகையில் வரைந்து, அதன் மேல் அந்தக் கருவியை மாட்டுவார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணுவார்கள். மறந்து விட்ட ஒரு ஸ்பேனர் விமானத்தையே வீழ்த்தலாம் என்பதால் இந்தக் கண்டிப்பு. நம் வீட்டுச் சுவரிலும் ஒரு பிளைவுட் பலகையில் இப்படி வரைந்துவிட்டால், எது காணவில்லை என்று ஒரு பார்வையில் தெரியும். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்திலும் இருக்கும்.

உடையும் நேரமும்

சுற்றும் மெஷினுக்கு முன் தொங்கும் துணி எதுவும் ஆகாது. லுங்கி, ஜிப்பாவின் அகலக் கை, கழுத்துத் துண்டு எல்லாம் சிக்கும். விசைத்தறியிலும் மாவு மெஷினிலும் வேலை செய்யும் சகோதரிகள் துப்பட்டாவை உள்ளே சொருகி இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். டிரில்லிங் மெஷினில் துணிக் கையுறையும் ஆபத்து. பிட் அதைச் சுற்றிக் கையையும் இழுக்கும்.

கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது. டைல்ஸ், கிரானைட் வெட்டும் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, திரும்பச் சரியாகாத நோயைத் தரும். கைக்குட்டை அதைத் தடுக்காது. என்95 முகக்கவசம் போடுங்கள். நோன்பு நாட்களில் வெட்டும் வேலையையும் உயரத்தில் செய்யும் வேலையையும் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. அஸருக்குப் பிறகு உடல் வறண்டு கவனம் தளரும் நேரத்தில் அளவெடுப்பது, அடுக்குவது போன்ற வேலைகளை வைத்துக்கொள்ளலாம்.

காயம் பட்டுவிட்டால்

கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் துணி முனையால் எடுப்பது, ஊசியால் நெம்புவது, தாய்ப்பால் விடுவது எதுவும் வேண்டாம். தேய்க்காமல், அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையால் மூடி கண் மருத்துவமனைக்குப் போங்கள். ‘இரும்பு வெட்டும்போது பட்டது’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். துகள் கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம்.

விரல் துண்டானால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீர் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. 108-ஐ அழையுங்கள். துண்டான கை விரல்களை மீண்டும் இணைக்கும் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மருத்துவமனை கோவையிலேயே உண்டு. நேரம் தவறாமல் போய்ச் சேர்வதுதான் முக்கியம். ஷாக் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம்

பட்டறையில் பிள்ளையைச் சேர்க்கும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். கார்டு இருக்கிறதா, கண்ணாடி கொடுப்பீர்களா, ஈ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேட்போம். கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இயந்திரத்துக்கு மறைப்பு வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. 14 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதும், 18 நிரம்பாதவரை ஆபத்தான வேலையில் விடுவதும் குற்றம். கட்டட வேலையில் இருக்கும் தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர் ஆகியோர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு அது கைகொடுக்கும்.

மகன் முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது புதுச் சட்டை எடுத்துக் கொடுக்கும் பெற்றோர், அதோடு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். சட்டை விலையில் பாதிகூட ஆகாது. மாலையில் அவர் வீடு திரும்பும்போது, ‘இன்னைக்குக் கண்ணாடி போட்டியாப்பா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு நாள் கேட்டால் ஐந்தாம் நாள் அதுவே பழக்கமாகிவிடும், இன்ஷா அல்லாஹ்.